தாமதமாகத் திறக்கும் வாசல்

நரம்பில் ஓடும் மின்துடிப்பைப் பற்றிப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது பெரும்பாலும் சோடியம்தான். செல் சவ்வில் இருக்கும் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, துடிப்பு பிறக்கிறது. அப்புறம் பொட்டாசியம் வெளியேறி எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று ஒற்றை வரியில் கதை முடிந்துவிடும். அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. ஒரு நியூரான் விநாடிக்கு ஐந்து முறை துடிக்குமா, ஐந்நூறு முறை துடிக்குமா? ஒரு துடிப்பு நரம்பில் ஒரு மில்லி விநாடியில் முடிந்துவிடும்போது இதயத் தசையில் மட்டும் ஏன் 300 மில்லி விநாடி வரை நீள்கிறது? இவற்றைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு பொட்டாசியம் கால்வாய்களுடையது. அதிலும் அவை எவ்வளவு மின்னோட்டத்தைக் கடத்துகின்றன என்பதைவிட, எப்போது திறந்து எப்போது மூடுகின்றன என்பதே பெரிது. மின்னழுத்தத்தால் இயங்கும் பொட்டாசியம் கால்வாய், செல்லுக்கு நேரத்தை அளந்து கொடுக்கும் கருவி என்பதே என் வாதம். அது தாமதமாகத் திறப்பதைத் துடிப்பின் பின்குறிப்பாக எண்ணாமல், துடிப்பின் மையமாகவே பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்படை. பாலூட்டிகளின் நரம்புச் செல்லுக்குள் பொட்டாசியத்தின் செறிவு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே நான்கு, ஐந்துதான். உள்ளே நிறைந்திருப்பது வெளியேறப் பார்க்கும். நேர்மின்னேற்றம் கொண்ட அயனி வெளியேறினால் உள்பக்கம் எதிர்மின் நிலைக்குப் போகும். அந்த எதிர்மின்னே மேற்கொண்டு வெளியேறும் பொட்டாசியத்தைப் பிடித்து இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடம் ஏறத்தாழ கழித்தல் 90 மில்லிவோல்ட். ஆகவே எந்த நேரத்தில் பொட்டாசியம் கால்வாய் திறந்தாலும் அது செல்லை அந்த எண்ணை நோக்கியே இழுக்கும், அதாவது அமைதியை நோக்கி. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவது நல்லது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஓடி நிலைமையைச் சரிசெய்தால்தான் அடுத்த துடிப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு துடிப்பில் இடம் மாறும் அயனிகள் மிக மிகக் குறைவு. நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸான் பருத்ததாக இருந்தால், உள்ளிருக்கும் பொட்டாசியத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் வெளியே போகிறது. பம்ப் நெடுங்காலக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. துடிப்பை அடுத்த மில்லி விநாடிக்குள் அடக்குவது கால்வாய்களின் பொறுப்பு.

இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஊசிக் கணவாயின் ராட்சத ஆக்ஸான். அரை மில்லிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள அந்த இழைக்குள் மின்கம்பியை நீளவாக்கில் செருகலாம். சவ்வின் மின்னழுத்தத்தைத் தாங்கள் விரும்பும் எண்ணில் மின்சுற்றின் உதவியால் பிடித்து நிறுத்திவிட்டு, அப்படி நிறுத்துவதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று அளந்தார்கள். அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தியதும் முதலில் உள்நோக்கிய ஓட்டம் எழுந்து ஓரிரு மில்லி விநாடியில் உச்சம் தொட்டுத் தானே வற்றியது. அது வற்றும்போதே வெளிநோக்கிய ஓட்டம் வளர்ந்து, அழுத்தம் உயர்ந்திருக்கும்வரை நின்றது. கடல்நீரில் இருந்த சோடியத்துக்குப் பதில் கோலின் சேர்த்துப் பார்த்தபோது முதல் ஓட்டம் மறைந்தது. இரண்டாவது அப்படியே இருந்தது. அந்த இரண்டாவது ஓட்டத்தின் வரைகோட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் உயர்ந்த கணத்தில் அது எழுவதில்லை. சிறிது நேரம் தரையோடு தரையாகக் கிடந்து, பிறகு மெல்ல வளைந்து, அதற்கப்புறம்தான் மேலே ஏறுகிறது. ஆனால் அழுத்தத்தைத் திரும்பக் கீழே இறக்கினால் எந்தத் தயக்கமும் இல்லாமல் உடனே சரியத் தொடங்குகிறது. ஏறும்போது தயக்கம், இறங்கும்போது தயக்கமின்மை: பொட்டாசியம் கால்வாயின் இயல்பு முழுக்க இந்த ஒரு கோட்டில் அடங்கியிருக்கிறது.

1952-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தயக்கத்துக்கு அவர்கள் ஒரு கணித வடிவம் கொடுத்தார்கள். சவ்வில் ஏதோ நான்கு துகள்கள் ஒன்றையொன்று சாராமல் இடம் மாறுகின்றன, நான்கும் சரியான இடத்துக்கு வந்தால்தான் பாதை திறக்கும் என்று வைத்துக்கொண்டால், கடத்துதிறன் ஒரு எண்ணின் நான்காம் அடுக்காக வளரும். நான்கு தாழ்ப்பாள் போட்ட கதவைப் போல: திறக்க நான்கையும் விலக்கியாக வேண்டும், அடைக்க ஏதேனும் ஒன்று விழுந்தால் போதும். கேம்பிரிட்ஜ் கணிப்பொறி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். துடிப்பு ஆக்ஸான் வழியே விநாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று விடை வந்தது. உண்மை ஆக்ஸானில் அளந்த வேகம் 21.2 மீட்டர். மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி எடுத்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஓடும் துடிப்பின் வேகத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்தது உயிரியலில் அபூர்வமான சாதனை.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது. நான்காம் அடுக்கு என்பது கோட்டுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்த எண்தானே, அதில் எந்திரவியல் உண்மை என்ன இருக்கிறது? ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியுமே ஐந்தாம், ஆறாம் அடுக்குகள் இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கலாம், ஆனால் கணக்கைச் சிக்கலாக்கும் அளவுக்கு அதில் லாபமில்லை என்ற கருத்தில்தான் இருந்தார்கள். 1960-இல் கென்னத் கோலும் ஜான் மூரும் ஆக்ஸானை வழக்கத்தைவிட மிக ஆழமான எதிர்மின் நிலையில் வைத்திருந்து பிறகு உயர்த்தியபோது தயக்கம் இன்னும் நீண்டது. அதைப் பொருத்த இருபத்தைந்தாம் அடுக்கு தேவைப்பட்டது. இருபத்தைந்து துகள்களா என்று கேலிக்கு இடம் தரும் எண். ஆனால் என் பார்வையில் இது வாதத்தைப் பலவீனமாக்கவில்லை, பலப்படுத்துகிறது. ஆழ்ந்த எதிர்மின் நிலையிலிருந்து கிளம்பும் கால்வாய் அதிகப் படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதிக நேரம் பிடிக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். கால்வாய் மூடியது, திறந்தது என்ற இரண்டே நிலைகள் உடையதாக இருந்தால் இத்தகைய தயக்கமே இருக்க முடியாது. தயக்கம் இருக்கிறது என்றால் இடையில் படிகள் இருக்கின்றன. அந்தப் படிகள் எவை என்பதுதான் அடுத்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி.

விடைக்கு வழி திறந்தது ஒரு பழ ஈ. ஈதர் கொடுத்து மயக்கினால் மற்ற ஈக்கள் அசையாமல் கிடக்கும். ஒரு மரபுமாற்ற வகை மட்டும் மயக்கத்திலும் கால்களை உதறிக்கொண்டே இருந்தது. அதற்கு ஷேக்கர் என்று பெயர் வைத்தார்கள். 1977-இல் யூ நங் ஜானும் லில்லி ஜானும் டென்னிஸுடன் சேர்ந்து அந்த ஈயின் புழுப் பருவத்தில் நரம்பும் தசையும் சேரும் இடத்தைச் சோதித்தபோது, நரம்பு முனையிலிருந்து வேதிப்பொருள் வெளியேறுவது நீண்டு போவதைக் கண்டார்கள். நரம்பு துடிக்கிறது, துடிப்பை முடிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை. ஈ உயிரோடுதானே இருக்கிறது, ஆகவே இந்தக் கால்வாய் அவ்வளவு முக்கியமில்லை என்று யாராவது சொல்லலாம். மனிதரில் மட்டும் இவ்வகைக் கால்வாய்க்குச் சுமார் 40 மரபணுக்கள் உள்ளன. ஒன்று கெட்டால் மற்றவை ஓரளவு தாங்கும். தாங்கிய பின்னும் கெட்டுப்போவது எது என்று பார்த்தால், நேரம்தான். துடிப்பு இருக்கிறது, அதன் நீளம் மாறிவிட்டது.

1987-இல் ஷேக்கர் மரபணு படியெடுக்கப்பட்டது. அந்தப் புரதம் சவ்வை ஆறு முறை ஊடுருவுகிறது. அப்படி நான்கு புரதங்கள் வட்டமாகச் சேர்ந்துதான் ஒரு கால்வாய் என்பதை 1991-இல் ராடரிக் மெக்கினன் நிறுவினார். ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லியின் நான்கு, வெறும் பொருத்தமாக இல்லாமல் உருவம் பெற்றது. ஆறு துண்டுகளில் எஸ்4 எனப்படும் நான்காவது வியப்பானது. கொழுப்பாலான சவ்வுக்குள் மின்னேற்றம் உள்ள அமினோ அமிலம் இருக்க விரும்பாது. எஸ்4-இலோ மூன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கில் நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினினும் லைசினும் அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்லின் உள்பக்கம் எதிர்மின்னாக இருக்கும்போது அது உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். அழுத்தம் உயர்ந்ததும் வெளிநோக்கி நகரும். இந்த நகர்வே ஒரு சிறு மின்னோட்டம். கால்வாய் திறப்பதற்கு முன்பே பாயும் அந்தச் சிற்றோட்டத்தை முதலில் சோடியம் கால்வாயில் 1973-இல் ஆம்ஸ்ட்ராங்கும் பெஸனில்லாவும் அளந்துவிட்டார்கள். ஷேக்கர் கால்வாய் ஒன்று திறக்கும்போது சுமார் 12 அல்லது 13 எலெக்ட்ரான் அளவு மின்னேற்றம் சவ்வின் மின்புலத்தைக் கடக்கிறது. நான்கு எஸ்4-களும் தனித்தனியே, ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளில் நகர்கின்றன; அவையெல்லாம் முடிந்த பிறகு நான்கு புரதங்களும் ஒன்றாக அசைந்து உள்வாயிலை விரிக்கின்றன. அந்தத் தரையோடு கிடந்த கோட்டுக்குக் காரணம் இதுதான்.

அயனி செல்லும் துளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொட்டாசியத்தைவிடச் சோடியம் சிறியது. பெரியதை விட்டு, சிறியதைத் தடுக்கும் துளை எப்படி இருக்கும்? 1998-இல் மெக்கினன் குழு ஒரு பாக்டீரியாக் கால்வாயின் உருவத்தை எக்ஸ்கதிர் கொண்டு வெளியிட்டபோது விடை கிடைத்தது; 2003-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு. துளையின் குறுகிய பகுதி 1.2 நானோமீட்டர் நீளம். அதன் சுவர் முழுக்கப் புரதத்தின் ஆக்ஸிஜன் அணுக்கள் உள்நோக்கி நிற்கின்றன. நீரில் இருக்கும் பொட்டாசியத்தை நீர் மூலக்கூறுகளின் ஆக்ஸிஜன்கள் சூழ்ந்திருக்கும். துளைக்குள் நுழையும்போது அந்த நீரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய இடத்தில் சுவரின் எட்டு ஆக்ஸிஜன்கள் அதே தூரத்தில், அதே ஏற்பாட்டில் வந்து நிற்பதால் பொட்டாசியத்துக்கு நட்டமில்லை. சோடியத்துக்கு இந்த ஆக்ஸிஜன்கள் நெருக்கமாக வந்து சூழ்வதில்லை. நீரைக் கழற்றிய செலவு ஈடாகாது, ஆகவே வெளியிலேயே நின்றுவிடுகிறது. தேர்வு இவ்வளவு கறாராக இருந்தும், ஒரு கால்வாய் வழியே விநாடிக்குக் கோடி அயனிகள் வரை போகின்றன. வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் பொட்டாசியங்கள் ஒன்றையொன்று தள்ளுவதே அந்த வேகத்துக்குக் காரணம். அவை நீரை இடையில் வைத்துக்கொண்டு நகர்கின்றனவா, நேரடியாக முட்டிக்கொண்டு நகர்கின்றனவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்தத் துளை என் வாதத்துக்கு ஏன் வேண்டும் என்றால், அதை அமைக்கும் அமினோ அமில வரிசை பாக்டீரியாவிலிருந்து மனிதர் வரை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. எதை விடுவது என்ற கேள்விக்கு ஒரு முறை விடை கண்டதும் பரிணாமம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. மாற்றி மாற்றிச் சோதித்ததெல்லாம் எப்போது விடுவது என்பதை: எந்த அழுத்தத்தில் திறப்பது, எவ்வளவு மெதுவாக, திறந்தபின் தானே அடைத்துக்கொள்வதா வேண்டாமா. ஷேக்கரில் புரதத்தின் நுனித் துண்டு ஒன்று உள்பக்கமிருந்து வந்து திறந்த துளையை அடைத்துவிடும். 1990-இல் ஹோஷி, ஜகோட்டா, ஆல்ட்ரிச் அந்த நுனியை வெட்டி நீக்கியதும் அடைப்பு நின்றது. அதே நுனியைத் தனித் துண்டாகக் கரைசலில் சேர்த்ததும் அடைப்பு திரும்பியது. இப்படித் திறந்ததும் அடைபடும் கால்வாய்கள்தான் இரண்டு துடிப்புக்கு இடையில் இடைவெளியை நீட்டி, சில நியூரான்களை நிதானமாகத் துடிக்கவைக்கின்றன. இதற்கு நேர்மாறானது கேவி3 குடும்பம். அழுத்தம் மிக உயர்ந்த பிறகே திறந்து, இறங்கியதும் மின்னல் வேகத்தில் மூடிவிடும். ஒலியின் திசையைக் கணிக்கும் மூளைத்தண்டு நியூரான்கள் விநாடிக்குப் பல நூறு முறை துடிப்பது இதனால்தான். இதில் சிக்கனமும் உண்டு. சோடியம் உள்ளே வரும்போதே பொட்டாசியம் வெளியேறினால் இரண்டும் வீண். கணவாய் ஆக்ஸானில் தேவையைப் போல நான்கு மடங்கு சோடியம் செலவாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2009-இல் எலியின் ஹிப்போகாம்பஸ் இழைகளில் அளந்தபோது 1.3 மடங்குதான் ஆனது. பொட்டாசியம் சரியாகத் தாமதித்து வந்ததன் பலன் அது.

இனி, என் வாதத்துக்கு எதிரான மிகப் பலமான சான்றுக்கு வருகிறேன். முயலின் மயலின் உறையிட்ட நரம்பில், உறை விலகியிருக்கும் கணுக்களைச் சோதித்த சியுவும் ரிச்சியும் மற்றவர்களும் 1979-இல் அங்கே பொட்டாசியம் ஓட்டம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று காட்டினார்கள். சோடியம் கால்வாய்கள் வேகமாகத் தாமே அடைபடுகின்றன, மிச்சத்தைச் சாதாரணக் கசிவு பார்த்துக்கொள்கிறது, துடிப்பு அடங்கிவிடுகிறது. பொட்டாசியம் கால்வாய் இல்லாமலே துடிப்பு முடியும் என்றால் அதைக் காலக் கருவி என்று எப்படிச் சொல்வது? எல்லாத் துடிப்பையும் முடிப்பது பொட்டாசியமே என்று சொன்னால் இந்தச் சான்றின் முன் அது நிற்காது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. அந்தக் கணுவின் வேலை ஒன்றுதான்: வந்த துடிப்பை மாற்றாமல் அடுத்த கணுவுக்குக் கடத்துவது. நேரத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாத இடத்தில் நேரக் கருவி குறைந்திருப்பதில் முரண் இல்லை. முடிவு எடுக்கும் செல் உடலிலும் ஆக்ஸானின் தொடக்கத்திலும் நரம்பு முனையிலும் அவை வகைவகையாகக் குவிந்திருக்கின்றன. கணுவை ஒட்டி மயலினுக்கு அடியிலும் அவை மறைந்திருக்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மயலின் சிதையும்போது அவை வெளிப்பட்டு, துடிப்பை அகாலத்தில் அணைத்துவிடுகின்றன. அவற்றை அடைக்கும் அமினோபிரிடின் மருந்து நோயாளிகள் சிலரின் நடையைச் சீராக்குகிறது. 2010-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

நேரம் மட்டுமா, அளவும் முக்கியம்தானே என்று கேட்கலாம். பிறந்த முதல் வாரத்திலேயே வலிப்பு வந்து, சில மாதங்களில் தானே நின்றுவிடும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. அதற்குக் காரணம் கேவி7 வகைக் கால்வாய்கள் என்று 1998-இல் தெரிந்தது. அந்த ஓட்டம் கால் பங்கு குறைந்தாலே போதும், வலிப்பு வருகிறது. அளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே நியூரானில் இதைவிடப் பல மடங்கு பெரிய பொட்டாசியம் ஓட்டங்கள் இருக்கின்றனவே, அவை ஏன் ஈடுகட்டவில்லை? அவை திறப்பது துடிப்பின் உச்சத்தில். கேவி7 திறப்பது செல் துடிக்கலாமா வேண்டாமா என்ற எல்லையில் நிற்கும்போது. மெதுவாகத் திறந்து, மூடாமல் நின்று, தொடர்ச்சியாகத் துடிக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வேறு யாரும் அங்கே இல்லை. அளவுக்கு மதிப்பு வருவதே அது எந்த நேரத்தில் வருகிறது என்பதால்தான்.

இதய அறைகளின் தசையில் இந்த நேரக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. அங்கே ஹெர்க் என்ற கால்வாய் மெதுவாகத் திறக்கிறது, ஆனால் திறப்பதைவிட வேகமாக அடைபட்டுவிடுகிறது. ஆகவே துடிப்பு உயர்ந்து நிற்கும் நெடுநேரம் அது ஏறத்தாழச் சும்மா இருக்கிறது. தசை சுருங்குவதற்குத் தேவையான அவகாசம் அப்படித்தான் கிடைக்கிறது. அழுத்தம் இறங்கத் தொடங்கியதும் அடைப்பு சட்டென்று விலகும், ஆனால் வாயில் மூட நேரமாகும். அந்த இடைவெளியில் பொட்டாசியம் பாய்ந்து துடிப்பை முடித்துவைக்கிறது. இந்தக் கால்வாய் தடைப்பட்டால் துடிப்பு நீளும், ஈ.சி.ஜி.யில் க்யூடி இடைவெளி அகலும், இதயம் தாறுமாறாகத் துடித்து உயிரே போகலாம். ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் மாத்திரை இப்படித்தான் பிடிபட்டது. சாதாரணமாக ஈரல் அதை உடனே வேறு பொருளாக மாற்றிவிடும். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவற்றைக் கூடவே சாப்பிட்டால் அந்த மாற்றம் நின்று, மருந்து இரத்தத்தில் சேர்ந்து ஹெர்க் துளைக்குள் போய் அமர்ந்துகொள்ளும். 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. ஈரல் மாற்றித் தரும் அந்தப் பொருளான ஃபெக்ஸோஃபெனடினே இன்று மாத்திரையாகக் கிடைக்கிறது. மூக்கொழுகலுக்கான மாத்திரையும் இதயக் கால்வாயில் சோதிக்கப்பட்ட பிறகே கடைக்கு வர வேண்டும் என்ற நடைமுறை, 2005-இன் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வழியாக உறுதியானது.

இவ்வளவு தெரிந்த பிறகும், எஸ்4 உண்மையில் எவ்வாறு நகர்கிறது என்பதில் சண்டை ஓயவில்லை. 2003-இல் வெளியான ஒரு படிக உருவத்தை வைத்து, அது துடுப்பைப் போல் கொழுப்புக்குள் வெகுதூரம் வீசி நகர்கிறது என்று மெக்கினன் குழு முன்வைத்தது, பலர் ஒப்பவில்லை. 2005-இலும் 2007-இலும் எலியின் மூளைக் கால்வாயின் உருவங்கள் வந்தபோது முந்தைய படத்தில் அந்தப் பகுதி சிதைந்திருந்தது தெளிவானது. சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. படிகத்தில் மின்னழுத்தம் கிடையாது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் எஸ்4 அடங்கிய மின்னழுத்த உணரி மேலேறி நிற்கும் உருவம் மட்டும். ஓய்வில் இருக்கும் உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் சவ்வின் இருபுறமும் அழுத்த வேறுபாட்டை வைத்துக்கொண்டே படம் எடுக்க வேண்டும். 2022-இல் மண்டலாவும் மெக்கினனும் கொழுப்புப் பைகளுக்குள்ளும் வெளியிலும் பொட்டாசியத்தின் அளவை வேறுபடுத்தி அழுத்தத்தை உண்டாக்கி, உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் உணரி உள்நோக்கி இறங்கிய நிலையைப் படம்பிடித்தார்கள். மேலே நிற்பதும் கீழே நிற்பதும் இப்போது கையில் இருக்கின்றன. கோலும் மூரும் கண்ட அந்த நீண்ட தயக்கத்தை உண்டாக்கும் இடைப்படிகளைத்தான் இனி ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும்.